குடும்பக் காரும் கூடுதல் ஆசனமும்

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வாய்க்கால்களை ஒட்டி எழுந்த ஊர்களுள் உருத்திரபுரமும் ஒன்று. கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்குளத்தின் பயனாகக் காடு கழனியாயிற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலம் நாடி வந்த குடும்பங்கள் கிளிநொச்சிப் பகுதியிற் குடியேறின. இக்குடியேற்ற ஊர்களின் அமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. குடாநாட்டுக் கிராமங்களைப் போலக் கோயிலையும் சந்தையையும் சூழ வீடுகள் நெருங்கி நிற்பதில்லை. நீர் சென்ற வழியே காணி சென்றது; காணி சென்ற வழியே வீடு சென்றது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்காலின் எண்ணே இடத்தின் பெயராயிற்று.

நெல்லுக்கு உகந்த இவ்வமைப்பு பிரயாணத்துக்கு அத்துணை உகந்ததன்று. பெரிய வைத்தியசாலையும் கச்சேரியும் வங்கியும் சந்தையும் கிளிநொச்சி நகரில் உள்ளன. பஸ் வண்டி வீதியின் வழியே செல்லும். வாய்க்காற் கரையில் இருப்பவர் வீதிக்கு நடந்து வரவேண்டும். இரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்கோ, பாம்பு தீண்டிய கமக்காரனுக்கோ, மூச்சு முட்டும் முதியவருக்கோ பஸ்ஸின் நேர அட்டவணையால் ஆவது யாதுமில்லை. ஆகவே இத்தகைய ஊரில் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒரு கார் நின்றால் அது பெயரளவிலேதான் அவருடைய குடும்பக் கார். உண்மையில் அஃது அயல் முழுவதற்கும் பொதுவான உதவி. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் செல்லும் அடியார்க்கும் அந்தக் காரே கேட்கப்படும். நால்வருக்கென ஆக்கப்பட்ட காரில் எண்மருக்கு இடம் கேட்கப்படும்போது, அதன் உரிமையாளர் மனத்தில் ஒரு நினைவு எழுவது இயல்பு. பின்னால் இன்னும் ஓர் ஆசனம் பொருத்தினால் என்ன? பெட்டியைச் சிறிது நீட்டினால் என்ன?

இந்நினைவு நகைக்கத்தக்கதன்று. தேவையிற் பிறந்தது அது. ஆயினும் அந்நினைவைச் செயலாக்குமுன் அறியவேண்டியவை சில உள. அவற்றை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒன்றைக் கூறவேண்டும். வண்டியைத் தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் கலை வடபகுதி மக்களுக்குப் புதியதன்று. தட்டிவான் என்னும் பெயரைக் கேட்டதும் முதிய நேயர்களின் நினைவில் கொடிகாமம், பருத்தித்துறை வீதிகள் தோன்றும். பழைய பாரவண்டியின் அடிச்சட்டத்தின்மீது மரத்தினாற் கூடு அமைத்து, உள்ளே வாங்குகள் இட்டு, பின்புறத்தில் ஒரு பலகைத் தட்டியைச் சங்கிலியாற் பிணைத்துத் தொங்கவிட்ட வாகனம் அது. உள்ளே மனிதர், தட்டியிலே தேங்காய், மரக்கறிக் கூடை, மூடை, துவிச்சக்கரவண்டி. சந்தைக்குச் செல்லும் வியாபாரிக்குத் தாமும் தம் பொருளும் ஒரே வண்டியிற் செல்லவேண்டும் என்பதே தேவை. அத்தேவைக்கு உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கண்ட விடை தட்டிவான். அவ்விடை நெடுங்காலம் நிலைத்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

அடுத்து வாடகைக் கார்களின் வரலாறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ நாற்பது, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய ஆங்கிலேயக் கார்கள் இலங்கைக்கு வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது வராதபோது பழையதைப் பேணவேண்டியதாயிற்று. ஒரு வண்டியின் எந்திரமும் இன்னொன்றின் கதவும் மூன்றாவதன் சில்லும் கூடி ஓடிய கார்கள் பல. 1990ஆம் ஆண்டின் பின்னர் போர்க்காலத்தில் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலால் எந்திரத்தை முடுக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். எந்திரத்துக்கு அது கேடு. கரி படியும், எண்ணெய் நீர்த்துப்போகும், அடிப்பு எழும். ஆயினும் உயிர் காக்கவேண்டிய வேளையில் எந்திரத்தின் ஆயுள் பெரிதாகத் தோன்றவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் பெயர்ந்தபோதும், 1996இல் கிளிநொச்சி பெயர்ந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதும் பெயர்ந்தபோதும், ஒவ்வொரு வண்டியும் தன் அளவுக்கு மேற்பட்ட மனிதரைச் சுமந்தது. அன்று எவரும் ஆசனத்தை எண்ணவில்லை.

அந்நாட்களின் நினைவே இன்று ஓர் ஆபத்தாகவும் இருக்கிறது. அன்று பன்னிருவரை ஏற்றிச்சென்ற கார் இன்று எண்மரை ஏற்றாதா என்று கேட்போர் உளர். அன்று வண்டி ஊர்ந்தது. வீதி குண்டும் குழியுமாக இருந்தது. சனத்திரளின் ஊடே மாட்டுவண்டியின் வேகத்தில் நகர்ந்தது. இன்று ஏ ஒன்பது நெடுஞ்சாலை காப்பற் இட்ட வீதி. பாரவண்டிகளும் சொகுசுப் பஸ்களும் அதில் விரைகின்றன. சுமை அதே சுமையாயினும், வீதி வேறு, வேகம் வேறு. ஆகவே அன்று தாங்கியது இன்றும் தாங்கும் என்று கொள்ளல் பொருந்தாது.

வெளிநாடுகளில் இத்தகைய மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என நோக்குவது பயன் தரும். பிலிப்பைன்ஸ் நாட்டில், 1945இல் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் எண்ணற்ற ஜீப் வண்டிகளை விட்டுச்சென்றனர். அந்நாட்டு மக்கள் அவற்றின் பின்பகுதியை நீட்டி, இரு பக்கமும் நீள வாங்குகள் இட்டு, மேலே கூரை வேய்ந்து, பின்புற வாயிலால் ஏறி இறங்கும் பயணிகள் வண்டியாக்கினர். ஜீப்னி என்பது அதன் பெயர். பல வண்ணப் பூச்சும் அலங்காரமும் கொண்ட அவ்வண்டி அந்நாட்டின் அடையாளமாகவே ஆயிற்று. ஆனால் காலப்போக்கில் வண்டி நீண்டது. நீளவே பழைய ஜீப்பின் அடிச்சட்டம் போதாதாயிற்று. பின்னர் உள்ளூர்த் தொழிலகங்கள் புதிய அடிச்சட்டத்தைத் தாமே அமைத்து, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த டீசல் எந்திரத்தைப் பூட்டி, தொடக்கத்திலிருந்தே பலர் ஏறுவதற்கென வண்டியைச் செய்தன. நீட்டும் தொழில், நீட்டுவதை விட்டுப் புதிதாய்ச் செய்யும் தொழிலாக மாறியது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு பழைய ஜீப்னிகளை மாற்றிப் புதியவற்றைப் புகுத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

பிரான்ஸ் நாட்டுப் பிஜோ நிறுவனத்தின் செய்கை இன்னும் தெளிவான பாடம். 1968இல் வெளிவந்த பிஜோ 504 என்னும் குடும்பக் காரிலிருந்து, மூன்று வரிசை ஆசனம் கொண்ட ஒரு வகையையும் அந்நிறுவனம் ஆக்கியது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஊர்களுக்கிடையே ஓடும் பங்கு வாடகைக் காராக அது பெரும்புகழ் பெற்றது. பார்ப்பவர் கண்ணுக்கு அதே கார். பின்னால் ஓர் ஆசனம் கூடியுள்ளது, அவ்வளவே. ஆனால் அடியிற் குனிந்து பார்த்தால் வேறுபாடு புலப்படும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் கூட்டப்பட்டிருந்தது. தனித்தனியே அசையும் பின்சில்லுகளுக்குப் பதிலாக உறுதியான ஒரே அச்சு இடப்பட்டிருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்த சுருள்வில் பக்கத்துக்கு இரண்டாக ஆக்கப்பட்டிருந்தது. ஓர் ஆசன வரிசையை மேலே கூட்டுவதற்காகக் கீழே இத்தனையும் மாற்றினர். இது காரைப் படைத்தவர்களே செய்த வேலை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நேயர்கள் நன்கறிந்த மொறிஸ் மைனரின் பிறப்பிலும் வெட்டி ஒட்டிய கதை ஒன்றுண்டு. 1948இல் அக்கார் விற்பனைக்கு வருமுன், அதன் வடிவம் ஒடுங்கியிருப்பதாக அதை வரைந்த அலெக் இசிகோனிஸ் கருதினார். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். அகலப்படுத்தியபின் தளம், முன்மூடி, மோதுதாங்கி ஆகிய யாவும் அவ்வளவுக்கு மாற்றப்படவேண்டியதாயிற்று. வெட்டுவது குற்றமன்று, வெட்டியபின் எஞ்சிய அனைத்தையும் அந்த வெட்டுக்கு இணங்க மாற்றாது விடுவதே குற்றம். அவரிடம் தொழிற்சாலையும் பரிசோதனைக் கூடமும் இருந்தன. ஊரிலுள்ள கராச்சில் வாளும் வெல்டிங் கருவியும் மட்டுமே இருக்கலாம். ஆகவே ஊரிற் செய்பவருக்கு அறிவும் அவதானமும் இரட்டிப்பாக வேண்டும்.

இனி வேலையின் விவரங்கள். கார்களில் இருவகை உண்டு. ஒருவகையில் ஏணி போன்ற இரும்பு அடிச்சட்டம் தனியே இருக்கும். அதன்மேற் கூடு வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். ஒஸ்ரின் ஏ நாற்பது டெவன், சோமசெற் வண்டிகள் அவ்வகையின. மற்றவகையில் தனிச் சட்டம் இல்லை; தளம், பக்கம், கூரை ஆகிய தகடுகளே ஒன்றுசேர்ந்து வண்டியின் வலிமையாகின்றன. மொறிஸ் மைனரும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் இன்று ஓடும் கார்களுள் மிகப் பெரும்பாலானவையும் இவ்வகையின. தட்டிவான் நிலைத்ததற்கான காரணம் இங்கேதான் உள்ளது. அதன் அடியில் இருந்தது பாரம் சுமக்கவென்றே ஆக்கப்பட்ட தனி அடிச்சட்டம். அதன்மேல் மரக்கூட்டை எவ்வாறு அமைத்தாலும் வலிமை கீழேயே இருந்தது. தகட்டுக் கூடே வலிமையாக உள்ள காரில் கூரையை அறுத்தால், அல்லது பின் ஆசனத்தின் முதுகுப்புறத் தகட்டை வெட்டி நீக்கினால், அது வீட்டில் முகட்டு வளையை அறுப்பதற்கு ஒப்பாகும். முதல் நாளில் ஒன்றும் தெரியாது. சில மாதங்களின் பின் கதவு சரியாகப் பூட்டாது. பின்னர் கண்ணாடி வெடிக்கும். ஒருநாள் தளம் வளையும்.

அடுத்தது சுமை. வளர்ந்த ஒருவரின் நிறையை 65 கிலோ எனக் கொள்ளலாம். அஃது ஏறக்குறைய ஒரு நெல் மூடையின் நிறை. மொறிஸ் மைனரின் நிறை முக்கால் தொன்னுக்குச் சற்று மேல். நால்வர் ஏறினால் 260 கிலோ. காரின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எண்மர் ஏறினால் 520 கிலோ. மூன்றில் இரண்டு பங்கு. கார் கண்ணுக்குப் பெரிதாகவில்லை. ஆனால் அதன்மீது எட்டு நெல் மூடைகள் ஏற்றப்பட்டுவிட்டன. நெல் மூடை எட்டை அக்காரில் ஏற்றுமாறு எவரேனும் கேட்டால் உரிமையாளர் உடனே மறுத்துவிடுவார். மனிதர் தாமாக ஏறி அமர்வதாற் போலும் அவர்களுடைய நிறை கண்ணுக்குத் தெரிவதில்லை.

சுமை எவ்வளவு என்பதினும் அஃது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மாட்டுவண்டி ஓட்டியவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை விட்டு எழும், மாடு வண்டியை இழுக்கமாட்டாது. காரிலும் அவ்வாறே. பின் அச்சுக்குப் பின்னால் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் ஓர் ஆசனம் இட்டு மூவரை அமர்த்தினால், அவர்களின் நிறை 195 கிலோ. அச்சுகளுக்கிடையே 2 மீற்றரும் 18 சென்ரிமீற்றரும் உள்ள காரில் அச்சுமை முன் அச்சிலிருந்து ஏறக்குறைய 54 கிலோவை உயர்த்திவிடும். பின் அச்சின்மீது விழுவது 195 கிலோ அன்று, 249 கிலோ. முன்சில்லு இலேசாகும், ஸ்ரியறிங் திருப்பினாலும் கார் உடனே திரும்பாது. இரவில் முன்விளக்கின் ஒளி வீதியை விட்டு மேலே எழும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும், தன் முன்னுள்ள மாட்டைக் காட்டாது. வன்னி வீதிகளில் இரவில் மாடுகள் படுத்திருப்பதை அறிந்தோர் இதன் பொருளை உணர்வர்.

வில்லுக்கு இன்னுமொரு தகடு போட்டால் பின்புறம் தாழாது என்பர். பின்புறம் தாழாது என்பது மெய்யே. ஆனால் வில் தாங்கினாலும் அச்சு தாங்கவேண்டும். அச்சு தாங்கினாலும் சில்லின் கொட்டைகளும் ரயரும் தாங்கவேண்டும். ஒவ்வொரு ரயரின் பக்கச்சுவரிலும் அது தாங்கும் சுமையின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த ரயரில் மிகுசுமை ஏற்றி வெயிற்காலத்தில் விரைந்தால், ரயர் உள்ளே சூடேறி வெடிக்கும். வில்லை மட்டும் பலப்படுத்துவதால் தீமையும் உண்டு. தாழ்ந்த பின்புறம் ஓர் எச்சரிக்கை. சுமை மிகுந்தது என்று வண்டியே சொல்லும் சொல். வில்லைக் கடினமாக்கினால் அச்சொல் கேளாது போகும்.

பிறேக்கைப் பற்றியும் கூறவேண்டும். நால்வரோடு செல்லும் அச்சிறிய காரின் மொத்த நிறை 1,035 கிலோ எனின், எண்மரோடு 1,295 கிலோ. பிறேக்கின் வலு மாறாதிருக்க, நிற்பதற்கு வேண்டிய தூரம் கால்வாசி கூடும். வேகமும் கூடினால் கணக்கு இன்னும் கடுமையாகும். மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 60 கிலோமீற்றராக வேகம் உயர்ந்தால், வண்டியில் உறையும் சத்தி ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகும். அச்சத்தி முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாறவேண்டும். மாற இடமில்லையெனின், அது மோதுகின்ற பொருளிலும் மோதப்படும் உடலிலும் சென்று முடியும்.

ஆசனத்தைக் கூட்டுவதோடு நில்லாது காரின் இடையை வெட்டி நீட்ட எண்ணுவோரும் உண்டு. பின்சில்லால் இயங்கும் காரில் எந்திரத்தின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு ஒன்று அடியில் ஓடுகிறது. கார் நீண்டால் தண்டும் நீளவேண்டும். நீண்ட தண்டு விரைந்து சுழலும்போது ஆட்டிய கயிறுபோல் இடையில் வளைந்து அதிரும். ஆகவே அதனை இரு துண்டாக்கி நடுவில் ஒரு தாங்கி இடவேண்டும். நிறை சமன் பார்க்கவேண்டும். பிறேக் எண்ணெய்க் குழாய், கைப்பிறேக்கின் கம்பி, பெற்றோற் குழாய், மின்கம்பி ஆகிய யாவும் நீளவேண்டும். பிறேக் குழாயை இடையில் வெட்டி ஒட்டுவது ஒருபோதும் ஆகாது. முழுநீளப் புதுக்குழாய் இடவேண்டும். இவையனைத்தையும் செம்மையாகச் செய்து முடிக்கும் செலவில், பெரிய வான் ஒன்றையே பாவித்த நிலையில் வாங்கிவிடலாம் என்பதைப் பலர் வேலை பாதியில் நிற்கும்போதே அறிகின்றனர்.

இவையெல்லாம் வண்டியைப் பற்றியவை. அந்தக் கடைசி ஆசனத்தில் அமர்பவர் யார் என்பது இன்னும் முக்கியமான கேள்வி. முன்னால் சாரதியும் குடும்பத் தலைவரும் அமர்வர். நடுவில் பெரியவர்கள் அமர்வர். புதிதாகச் செருகிய அந்தக் குறுகிய வாங்கில் ஏற்றப்படுவோர் பெரும்பாலும் பிள்ளைகளே. சிறியவர்கள், எங்கும் அடங்குவர் என்பது எண்ணம். ஆனால் அவ்விடத்துக்குப் பின்னால் தகடு ஒன்றேயன்றி வேறு காப்பில்லை. பின்னால் வரும் வாகனம் மோதினால் முதலில் நசுங்குவது அவ்விடம். பல கார்களிற் பெற்றோற் தாங்கியும் அவ்விடத்தின் அருகிலேயே உள்ளது. அவர்களுக்கெனத் தனிக்கதவு இல்லை. நடு ஆசனத்தார் இறங்கினாலன்றி அவர்கள் இறங்கமுடியாது. தளத்தில் இரண்டு திருகாணியாற் பிடித்த வாங்கு, மோதலில் தானே பெயர்ந்து முன்னிருப்பவர் முதுகில் வந்து விழும். தொழிற்சாலை ஆசனம் தளத்தின் வலுவான இடத்தில், தடித்த இரும்புத்தட்டு வைத்துப் பூட்டப்படுவது இதற்காகவே.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒன்றுண்டு. இடம் போதாமையாற் பின்கதவைத் திறந்து கட்டியபடி ஓட்டுவது சிலரின் வழக்கம். ஓடும் காரின் பின்னே காற்றுச் சுழல் எழும். புகைக்குழாயிலிருந்து வெளியேறும் புகையை அச்சுழல் திறந்த கதவின் வழியே உள்ளே இழுக்கும். அப்புகையிற் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. பின்னால் இருக்கும் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று பெரியவர்கள் நினைப்பர். அஃது உறக்கமாக இல்லாதிருக்கவும் கூடும்.

இவ்வாறு கூறுவதால், வன்னியில் ஓடும் வேறு வாகனங்கள் யாவும் பாதுகாப்பானவை என்பது பொருளன்று. லாண்ட்மாஸ்ரர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஊரே ஏறிக் கோயிலுக்குச் செல்வதுண்டு. வாய்க்காற் கரையிலும் வயற்பாதையிலும் நடைவேகத்துக்குச் சற்று மேலாக அது செல்லும்வரை தீங்கு குறைவு. அதே பெட்டி இரவில் பின்விளக்கின்றி நெடுஞ்சாலையில் ஏறும்போதே விபத்து நேர்கிறது. எந்த வண்டிக்கும் அதற்குரிய வீதியும் வேகமும் உண்டு என்பதையே இதுவும் காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் அறியத்தக்கது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வாகனமும் பதிவுசெய்யப்படுகிறது. அதன் வகையும் ஆசன எண்ணிக்கையும் பதிவிற் குறிக்கப்படுகின்றன. வாகனத்தின் அமைப்பை மாற்றுபவர் அதனை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். இது வெறும் கடதாசி வேலை என்று கருதுவோர் காப்புறுதியை மறந்துவிடுகின்றனர். காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்றது பதிவிலுள்ள காரை. பின்னர் உருமாறிய காரை அன்று. விபத்து நேர்ந்தபின் இவ்வேறுபாடு வெளிப்படுமாயின், இழப்பீடு மறுக்கப்படலாம். அயலவருக்கு உதவப்போன ஒருவர், காயமடைந்த அயலவரின் செலவையெல்லாம் தம் காணியை விற்றுக் கொடுக்கவேண்டிய நிலை உருவாகும். நட்பும் போகும், நிலமும் போகும்.

அவ்வாறாயின் வாய்க்காற் கரையில் வாழும் குடும்பம் செய்யத்தக்கது யாது? வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்ட நாட்டில், பழைய வண்டியின் விலையும் எளியோர் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்போது, புதியதை வாங்குக என்று கூறிவிடுதல் எளிது; உதவியாகாது. ஆகவே செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்திக் கூறுதல் தகும்.

முதலாவது, மாற்றம் உண்மையிலே வேண்டுமா என ஆராய்தல். கிளிநொச்சிக்குச் செல்லும் தூரம் குறுகியது. எண்மரை ஒரு பயணத்தில் ஏற்றுவதைவிட நால்வராக இருமுறை ஏற்றுவதற்குச் செலவாகும் எரிபொருள், ஒரு வில்லுத்தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் சிறிதே. இரண்டாவது, பல குடும்பங்கள் ஒன்றுகூடி, மூன்று வரிசை ஆசனத்தோடு தொழிற்சாலையிலேயே ஆக்கப்பட்ட வான் ஒன்றைப் பாவித்த நிலையிற் பொதுவில் வாங்குதல். வாய்க்கால் துப்புரவையும் நீர்ப்பங்கீட்டையும் கமக்காரர் அமைப்பின் மூலம் கூடிச்செய்து பழகிய ஊர்களுக்கு இஃது அரிய காரியமன்று. மூன்றாவது, மாற்றியே ஆகவேண்டுமெனின், அதே காரின் மூன்றுவரிசை வகையோ பாரம் சுமக்கும் வகையோ தொழிற்சாலையில் ஆக்கப்பட்டதுண்டா எனத் தேடுதல். உண்டெனின், அதன் வில், அச்சு, பிறேக், ஆசனம், ஆசனப்பட்டி ஆகியவற்றை முழுத் தொகுதியாகப் பெற்றுப் பொருத்துதல். அத்தகைய வகை எதுவும் இல்லையெனின், அந்தக் கார் மேலதிகச் சுமைக்கு உரியதன்று என்று அதனை ஆக்கியவர்களே சொல்லாமற் சொல்லிவிட்டனர் எனக் கொள்க. நான்காவது, வேலை முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றுமுன், அதே நிறைக்கு நெல் மூடைகளை அடுக்கி, ஆளில்லாத வீதியில் மெல்ல ஓட்டிப் பிறேக்கையும் திருப்பத்தையும் சோதித்தல். பின்னர் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிவுசெய்தல்.

இவ்வரிசையில் ஆசனம் கடைசியில் வருவதை நேயர்கள் கவனித்திருப்பர். பெரும்பாலோர் தொடங்குவது ஆசனத்திலிருந்து. மெத்தை தைப்பித்து, உறை இட்டு, அழகு பார்த்து, வில்லைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகின்றனர். வீடு கட்டுபவர் எவரும் கூரையிலிருந்து தொடங்குவதில்லை. அடித்தளம் எத்தனை மாடி தாங்கும் என்று அறிந்த பின்னரே மேலே செங்கல் ஏறும். காரிலும் அவ்வாறே ரயரிலிருந்து தொடங்கி, அச்சு, வில், பிறேக், தளம் எனப் படிப்படியாக மேலே வந்து, ஒவ்வொன்றும் தாங்கும் என்று உறுதிகண்ட பின்னரே ஆசனத்துக்கு வரவேண்டும். அவற்றுள் எது மிகக் குறைவாகத் தாங்குகிறதோ, அதுவே காரின் உண்மையான கொள்ளளவு.

வன்னி மண்ணிற் பலமுறை பெயர்ந்து, பலமுறை மீண்டு, ஒவ்வொரு முறையும் கையிற் கிடைத்ததைக்கொண்டு வாழ்வைத் திரும்ப அமைத்த மக்களுக்குக் கைத்திறனைக் கற்பிக்கவேண்டியதில்லை. வாசலில் வந்து நிற்பவரை ஏற்றாது செல்வது அவர்களுடைய இயல்புமன்று. அந்த ஈரமே ஓர் ஊரை ஊராக வைத்திருப்பது. ஆனால் ஏற்றிச் செல்வதாகக் கொடுத்த வாக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை நிறைவேறுவதில்லை. இடமில்லை என்று ஒருவரிடம் கூறி, இதோ இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லும் சாரதி, நெருக்கி ஏற்றுபவரைவிடக் குறைந்த அன்புடையவர் அல்லர். அவர் திரும்பி வருவார். காத்திருந்தவரும் போய்ச் சேருவார்.